குழந்தைகளின் கையில் ஏறிக் கடல் தாண்டிய அம்மைப்பால்

கேட்டதும் "நிஜமாவா?" என்று வாய் பிளக்க வைக்கிற தகவல் ஏதாவது சொல்லுங்கள், வரலாறோ அறிவியலோ மருத்துவமோ எதுவானாலும் சரி, ஆனால் ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். யார் இப்படிக் கேட்டாலும் எனக்கு முதலில் வாயில் வருவது ஒன்றுதான். உலகத்தின் முதல் தடுப்பூசியான பெரியம்மை மருந்து ஸ்பெயினிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி ஊர் ஊராகப் பரவியது புட்டியில் அடைத்து அல்ல. அநாதை இல்லத்துச் சிறுவர்களின் கைகளில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள்.

இதை என் அம்மாவின் கையிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். அவருக்குத் தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு தழும்பு. பழைய நாலணா அளவு இருக்கும். நடுவில் குழி, ஓரத்தில் சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டியது போல் கோடுகள். சின்ன வயதில் அதை விரலால் தடவிக்கொண்டே "இது என்னம்மா?" என்று கேட்பேன். "அம்மை குத்தினது" என்பார். தடுப்பூசி என்ற சொல்லை அதற்கு அவர் சொன்னதே இல்லை. அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்துவிட்டார் என்றால் பிள்ளைகள் எல்லாம் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிவார்களாம். அந்த மருந்துக்குப் பழைய தமிழில் இருந்த பெயர் அம்மைப்பால். அந்தப் 'பால்' எங்கிருந்து வந்தது என்பதுதான் கதை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியம்மை என்றால் என்னவென்று தெரியாது, நல்லவேளையாக. சின்னம்மை கொஞ்சம் பெரிதாகப் போட்டால் அது பெரியம்மை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு வைரஸ். வைசூரி என்று நம் பாட்டிமார் பேர் சொல்லவே பயந்த பெரியம்மை, பிடித்த பத்துப் பேரில் சுமார் மூன்று பேரைக் கொண்டுபோய்விடும். பிழைத்தவர்களுக்கு முகம் முழுக்கக் குழி. பலருக்குக் கண் போய்விடும். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரை அது கொன்றிருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு அது மறுபடி வராது என்பது எல்லா நாட்டாருக்கும் வெகுகாலமாகத் தெரியும். அதனால் சீனாவிலும் வங்காளத்திலும் துருக்கியிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரு துணிச்சலான வழக்கம் இருந்தது. லேசாக அம்மை கண்ட ஒருவரின் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் சீழை எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைப்பார்கள். வருவது நிஜமான பெரியம்மைதான், ஆனால் பெரும்பாலும் லேசாக வந்துபோகும். 1721-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் கொள்ளைநோயாகப் பெரியம்மை பரவியபோது இந்த முறையை அங்கே தெரியவைத்தவர் ஒனேசிமஸ் என்ற அடிமை. ஆப்பிரிக்காவில் தனக்குச் சிறுவயதில் செய்ததை அவர் தன் எஜமானரிடம் சொல்ல, ஒரு மருத்துவர் துணிந்து செய்து பார்த்தார். தானாக நோய் கண்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் இறந்தார்கள். கீறி வைத்துக்கொண்ட சுமார் 240 பேரில் இறந்தது 6 பேர். அந்த ஊரில் இத்தனை உயிர் பிழைத்ததற்கு வழிகாட்டிய மனிதருக்கு, அதைச் சொன்ன நாளில் தன் உடம்பே சொந்தமில்லை. இந்தக் கதை நெடுக இப்படித்தான் இருக்கும்.

ஜென்னர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் கிராமத்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, தன் தோட்டக்காரரின் 8 வயது மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி வைத்தார். சில வாரம் கழித்து நிஜப் பெரியம்மைச் சீழையே அவன் உடம்பில் ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. லத்தீன் மொழியில் வாக்கா என்றால் பசு. அதிலிருந்து வந்ததுதான் வாக்சின் என்ற பெயர்.

ஆனால் ஜென்னருக்கு 22 வருஷம் முன்னாலேயே, 1774-ல், பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி இதைச் செய்திருந்தார். மாட்டின் மடியில் இருந்த கொப்புளத்தைக் குத்தி, காலுறை பின்னும் ஊசியால் தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் கீறி வைத்தார். ஊரே அவரைத் திட்டித் தீர்த்தது. அவர் செய்தது சரி என்று பின்னால் நிரூபணமானது. ஜென்னரின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அவர் செய்ததை எழுதி, அச்சிட்டு, கேட்ட எல்லோருக்கும் மருந்தை அனுப்பினார். சரி, எப்படி அனுப்பினார்? அங்கேதான் சிக்கல்.

அம்மைப்பால் என்பது உயிருள்ள வைரஸ் இருக்கும் நீர். குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பி, எட்டாம் ஒன்பதாம் நாளில் தெளிந்த நீர் கட்டும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம். இரண்டு நாள் தாமதித்தால் நீர் கலங்கிவிடும், அப்புறம் பயன் இல்லை. நூலில் நனைத்துக் காயவைத்தும், இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்து மெழுகு பூசியும் அனுப்பிப் பார்த்தார்கள். குளிர் நாட்டுக்குள் ஓரளவு ஓடியது. வெயில் பட்ட நீண்ட கடல் பயணத்தில் பெரும்பாலும் செத்துப்போனது. குளிர்பெட்டி கிடையாது, வைரஸ் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. மருந்து கெடாமல் இருக்க ஒரே இடம் மனித உடம்புதான்.

ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸ் பெரியம்மைக்குத் தன் மகளையே பறிகொடுத்தவர். 1802-ல் இன்றைய கொலம்பியாவின் பொகோட்டா பக்கம் நோய் பரவி, அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து உதவி கேட்டு ஓலை வந்தபோது, பிரான்சிஸ்கோ ஹாவியெர் தெ பால்மிஸ் என்ற மருத்துவர் சொன்ன யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார். யோசனை வெறும் கணக்குத்தான். பெரியம்மையும் வராத, அம்மையும் குத்தாத பிள்ளைகள் வேண்டும். முதலில் இருவருக்குக் குத்துவது. ஒன்பது பத்து நாளில் அவர்கள் கொப்புளத்திலிருந்து அடுத்த இருவருக்கு, அப்புறம் அதற்கடுத்த இருவருக்கு. 22 பேர் என்றால் 11 கண்ணி உள்ள சங்கிலி. மூன்று மாதம் தாங்கும். ஒவ்வொரு முறையும் இருவர் எதற்கு என்றால், ஒருவனுக்குக் கொப்புளம் எழும்பாமல் போனாலோ அவன் தூக்கத்தில் சொறிந்து கொப்புளத்தை உடைத்துவிட்டாலோ இன்னொருவன் இருக்க வேண்டும்.

எந்தத் தாய் தகப்பன் பிள்ளையைத் தருவார்கள்? அதனால்தான் அநாதை இல்லம். 1803 நவம்பர் 30 அன்று ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து மரியா பீத்தா என்ற கப்பல் கிளம்பியது. உள்ளே சுமார் 3 வயதிலிருந்து 9 வயது வரை 22 சிறுவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர் அநாதை இல்லத்தின் பொறுப்பாளர் இசபெல் செண்டால் கூடப் போனார். அந்த 22 பேரில் பெனீதோ என்ற ஒருவன் அவருடைய சொந்த மகன்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். மூன்று வயதுக் குழந்தையைச் சொறியாதே என்று சொல்லிப் பாருங்கள். கப்பல் ஆட்டத்தில் வாந்தி, கையில் கொப்புளம், லேசாகக் காய்ச்சல், ராத்திரியில் இருட்டு. பக்கத்தில் படுத்திருப்பவன் மேல் புரண்டு கை பட்டால் அவனுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சங்கிலியில் ஒரு கண்ணி வீண். எனவே குத்தப்பட்ட பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து இரவு பகலாகக் கண்விழித்துக் காவல் காத்தார்கள். அப்படிக் காத்ததில் இசபெல்லின் உடல்நலமே கெட்டுப்போனது என்று பால்மிஸ் பிற்பாடு எழுதியிருக்கிறார். இத்தனை பெரிய பயணத்தின் அச்சாணி ஒரு பெண்ணின் தூக்கம் கெட்ட இரவுகள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கப்பல் கேனரித் தீவுகள் வழியாகப் போர்ட்டோ ரிக்கோ சேர்ந்தது. அங்கிருந்து வெனிசுவேலாவுக்கு வந்து கரையேறும்போது, குத்தத் தகுந்த கொப்புளத்தோடு இருந்தது ஒரே ஒரு சிறுவன். அந்த ஒருவன் கொப்புளம் வற்றியிருந்தால் அதுவரை வந்த அத்தனையும் வீண். அவன் கையிலிருந்து எடுத்துக் கரையில் காத்திருந்த குழந்தைகளுக்குக் குத்தினார்கள்.

அதற்கப்புறம் பயணம் இரண்டாகப் பிரிந்தது. ஹோசே சல்வானி என்ற மருத்துவர் தெற்கே ஆண்டிஸ் மலைப்பக்கம் போனார். கப்பல் உடைந்து, ஒரு கண் பார்வை போய், ஊர் ஊராக நடந்து குத்திக்கொண்டே போய், 1810-ல் இன்றைய பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில் இறந்துபோனார். வயது முப்பதுகளில்தான். பால்மிஸ் கியூபா வழியாக மெக்சிகோவுக்கு வந்தார். ஹவானாவில் பிள்ளைகள் கிடைக்காதபோது மூன்று அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கி, ஒரு படைப்பிரிவில் மேளம் அடிக்கும் சிறுவனையும் சேர்த்து, அவர்கள் கையில் மருந்தைக் கொண்டுபோனார். இதையும் சொல்லாமல் அந்தப் பயணத்தைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பெயின் பிள்ளைகள் திரும்ப ஊர் போகவில்லை. மெக்சிகோவிலேயே விடப்பட்டார்கள். 1805-ல் பால்மிஸ் 26 மெக்சிகோ சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு பசிபிக் கடல் தாண்டி மணிலா போனார். இசபெல் அதிலும் கூட இருந்தார். அந்தக் கப்பலில் பிள்ளைகளைத் தரையில் நெருக்கிப் படுக்கவைத்ததால் ஒருவர் மேல் ஒருவர் பட்டுத் தானாகவே தொற்றிக்கொண்டது. எப்படியோ மருந்து தாங்கியது. அங்கிருந்து சீனாவின் மக்காவ், கான்டன் வரை போனது. இந்தப் பிள்ளைகள் பிற்பாடு மெக்சிகோ திரும்பினார்கள். இசபெல் கடைசிவரை ஸ்பெயினுக்குத் திரும்பாமல் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டார்.

நம் பக்கம் வந்தது வேறு வழி. இங்கிலாந்திலிருந்து கப்பலில் நேராக அனுப்பியது எல்லாம் வெயிலில் கெட்டுப்போனது. வியன்னாவில் இருந்த ழான் தெ காரோ என்ற மருத்துவர் அனுப்பிய மருந்து, கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா என்று தரைவழியாகவும் கை மாறிக் கை மாறியும் வந்து 1802 ஜூனில் பம்பாய் சேர்ந்தது. ஜூன் 14 அன்று அங்கே ஆன்னா டஸ்ட்ஹால் என்ற 3 வயதுப் பெண்குழந்தைக்குக் குத்தினார்கள். அவளுக்குப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து அவள் கையிலிருந்து எடுத்து வேறு ஐந்து குழந்தைகளுக்குக் குத்தினார்கள். அங்கிருந்து ஹைதராபாத், சென்னை, இலங்கை என்று அதே வருஷத்தில் பரவியது. இந்தியத் துணைக்கண்டத்தில் அம்மை குத்தியது ஒரு மூன்று வயதுக் குழந்தையின் கையிலிருந்துதான் தொடங்கியது. அந்தக் குழந்தை பிறகு என்ன ஆனாள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வாட்சப்பில் இது அடிக்கடி வருகிறது. மாட்டம்மை குத்துவது தன்வந்திரி காலத்திலேயே நமக்குத் தெரியும், சமஸ்கிருதச் சுலோகமே இருக்கிறது என்பார்கள். அந்தச் சுலோகம் முதலில் வெளிவந்தது 1819-ல் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில். அனுப்பியவர் பெயர் 'கல்வி விரும்பன்'. பழைய நூல் எதிலும் அது கிடையாது. மாட்டிலிருந்து வரும் மருந்து என்றதும் சனங்கள் தயங்கியதால், நம் நூலிலேயே சொல்லியிருக்கிறது என்று நம்பவைக்க அந்தக் காலத்தில் புதிதாகப் புனைந்தது அது. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லீசன், அதாவது பிரான்சிஸ் வைட் எல்லிஸ், சென்னையில் இதே நோக்கத்தில் தமிழில் ஒரு கதை எழுதினார்: சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்கிறார்கள், பசுவின் வழியாக இந்த வரம் வந்தது என்று. மனித அம்மையைக் கீறி வைக்கும் வழக்கம் வங்காளத்தில் நிஜமாகவே இருந்தது. அதற்குச் சான்று உண்டு, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மாட்டம்மைச் சுலோகம் அந்தக் கணக்கில் சேராது.

கையிலிருந்து கைக்குக் குத்துவதில் ஒரு பெரிய ஆபத்தும் இருந்தது. மருந்து கொடுக்கும் குழந்தைக்கு வேறு நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும். 1861-ல் இத்தாலியின் ரிவால்ட்டா ஊரில் இப்படிக் குத்தப்பட்ட குழந்தைகளுக்கு மேகநோய் (சிபிலிஸ்) தொற்றியது. அதன்பிறகுதான் ஐரோப்பா முழுக்க கன்றுக்குட்டியிலேயே மருந்து வளர்க்கும் முறை வேகம் பிடித்தது. கன்றின் வயிற்றை மழித்து, கீறி, விதை போல மருந்தைத் தடவி, ஐந்தாறு நாளில் எழும்பும் கொப்புளங்களைச் சுரண்டி எடுத்து கிளிசரினில் அரைத்து வைப்பார்கள். 1898-ல் இங்கிலாந்து கைக்குக் கை குத்துவதைத் தடையே செய்தது. சென்னை கிண்டியில் இன்றும் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கியதே இந்த அம்மைப்பால் தயாரிக்கத்தான். என் அம்மா கையில் ஏறியது அங்கே ஒரு கன்றின் வயிற்றில் விளைந்ததாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசுவின் பெயரால் வாக்சின் என்று பேர் வைத்தோமே, அந்த மருந்துக்குள் இருந்தது பசுவின் அம்மை வைரஸ்தானா? 1939-ல் ஆலன் டவுனி என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தடுப்பூசி வைரஸும் மாட்டம்மை வைரஸும் வேறு வேறு என்று தெரிந்தது. 2017-ல் ஒரு குழு, 1902-ல் அமெரிக்காவில் தயாரான தடுப்பூசிக் குப்பி ஒன்றில் இருந்த வைரஸின் மரபணுவைப் படித்தது. அது மிக நெருங்கி ஒத்துப்போனது குதிரையம்மை வைரஸுடன். ஜென்னரே மாட்டம்மை குதிரையிடமிருந்து மாட்டுக்கு வந்தது என்று 1798-ல் எழுதியிருந்தார், குதிரையிலிருந்து எடுத்தும் குத்தியிருந்தார். கூடவே இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முடிவு உங்களுக்குத் தெரியும், ஆனால் அது எப்படி முடிந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1950-களில் லெஸ்லி கோலியர் மருந்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். வெயிலில் கெடாத அம்மைப்பால் அப்போதுதான் கிடைத்தது; கப்பலில் பிள்ளைகளை ஏற்றி நூற்றைம்பது வருஷம் கழித்து. அப்புறம் பெஞ்சமின் ரூபின் கண்டுபிடித்த இரட்டை முனை ஊசி. இரண்டு முனைக்கு நடுவில் ஒரு துளி நிற்கும், கையில் பதினைந்து முறை குத்தினால் போதும், படிக்காதவருக்குக்கூடப் பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்தியாவில் வீடு வீடாகப் போய்த் தேடினார்கள். அம்மை கண்டவரைப் பற்றித் துப்புச் சொன்னால் பணப் பரிசு. கடைசியில் அது 1000 ரூபாய் வரை போனது.

தானாகத் தொற்றிய கடைசி நோயாளி சோமாலியாவின் மெர்க்கா ஊரில், 1977 அக்டோபரில். அலி மாவ் மாலின் என்ற ஆஸ்பத்திரிச் சமையல்காரர். நோயாளிகளுக்கு வழிகாட்ட வண்டியில் சில நிமிஷம் கூடப் போனதில் ஒட்டிக்கொண்டது. இதில் என்னவென்றால் அவர் முன்பு அம்மை குத்தும் வேலையில் இருந்தவர். வலிக்கும் என்று பயந்து தனக்கு மட்டும் குத்திக்கொள்ளாமல் இருந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். பிற்பாடு போலியோ சொட்டு மருந்து வேலைக்குப் போய், தயங்குகிற தாய்மார்களிடம் தன் கதையைச் சொல்லியே சம்மதிக்க வைத்தார். 2013-ல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியாவில் இறந்தார். 1980 மே 8 அன்று பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார சபை அறிவித்தது.

வீட்டில் அறுபது வயது தாண்டியவர் யாராவது இருந்தால் கையைக் காட்டச் சொல்லுங்கள். மேல்கையிலோ முன்கையிலோ, ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கும். அகலமாக, அமுங்கி, குழியாக. நம்மில் பலருக்கும் இடது தோளில் இருக்கும் சின்னத் தழும்பு அது இல்லை, அது காசநோய்க்குப் போட்ட பிசிஜி. என் கையில் இருப்பதும் அந்தச் சின்னதுதான். அம்மாவின் தழும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதில் பாதிகூட இல்லை.